வால் இருக்கிறதா என்று கேட்ட ஆசிரியர்

கடந்த பத்து வருடங்களில் நான் அதிகம் பரிசளித்த புத்தகம் 'டோட்டோ-சான்: ஜன்னலில் ஒரு சிறுமி'. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு, விலையும் கையைக் கடிக்காது. அலுவலகத்தில் யாருக்காவது குழந்தை பிறந்தால், யாராவது தங்கள் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தால், ஒரு பிரதி கொடுத்துவிடுவேன். கூடவே ஒரு வசனமும் உண்டு. "படிச்சுப் பாருங்க, ஸ்கூல்னா இப்படித்தான் இருக்கணும்." ரயில் பெட்டிகளில் வகுப்பறை, கடலிலிருந்து கொஞ்சமும் மலையிலிருந்து கொஞ்சமும் சேர்த்த மதிய உணவு, முதல் நாளே ஒரு சிறுமி பேசுவதை நான்கு மணி நேரம் உட்கார்ந்து கேட்ட தலைமை ஆசிரியர் கோபயாஷி. இது சுதந்திரத்தைப் பற்றிய புத்தகம், அன்பைப் பற்றிய புத்தகம் என்றே சொல்லிவந்தேன். நண்பர்கள் பேசிக் கேட்டதும் அநேகமாக அதேதான்.

மூன்று வருடங்களுக்கு முன் மறுபடி வாசித்தேன். அதே பிரதி, அதே பக்கங்கள். ஆனால் அது அன்பைப் பற்றிய புத்தகமாகத் தெரியவில்லை. ஓர் ஆசிரியர் எவ்வளவு தயாராக இருக்க வேண்டும் என்பதைப் பற்றிய, கொஞ்சம் கறாரான புத்தகமாகத் தெரிந்தது. நடுவில் என்ன நடந்தது என்று சொல்லாமல் அந்த வாசிப்பைப் பற்றி எழுத முடியாது.

*

அக்கா மகனுக்கு மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். நாங்கள் இருப்பது படூரில். பக்கத்திலேயே ஒரு நர்சரி பள்ளி. பள்ளியின் பெயர் இங்கே தேவையில்லை. அவர்கள் அட்மிஷன் தர மறுக்கவில்லை என்பதே அப்போது எங்களுக்குப் பெரிய விஷயம். ஏற்கெனவே இரண்டு இடங்களில் "சீட் ஃபுல் மேடம்" என்று சொல்லியிருந்தார்கள். இந்த வகுப்பாசிரியர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கவலைப்படாதீங்க மேடம். எங்க வீட்டுப் புள்ள மாதிரி பாத்துக்குறேன்" என்றார். அக்கா அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. உண்மையிலேயே வீட்டுப் பிள்ளை மாதிரிதான் பார்த்துக்கொண்டார். ஊட்டிவிட்டார். ஷூ மாட்டிவிட்டார். அவன் அழுதால் மடியில் வைத்துக்கொண்டார். மற்ற பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாடும்போது அவனுக்குச் சத்தம் பிடிக்கவில்லை என்று ஜன்னலோரம் ஒரு பாய் போட்டு, பிளாஸ்டிக் கட்டைகள் கொடுத்து உட்கார வைத்தார். எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, காலை ஒன்பதரையிலிருந்து பன்னிரண்டு வரை தினமும் அந்தப் பாயில்தான் அவன் இருந்திருக்கிறான். யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. யாரும் ஒன்றும் கற்றுக்கொடுக்கவும் இல்லை. எட்டு மாதத்தில் அவன் கற்றது ஒன்றே ஒன்று: பாய் எங்கே விரித்திருக்கிறதோ அங்கே போய் உட்கார்வது.

அக்கா கேட்டபோது அந்த ஆசிரியர் அழுதுவிட்டார். "எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல மேடம். எங்களுக்கு யாரும் சொல்லித் தரல." பி.எட். முடித்தவர், ஆறு வருட அனுபவம் உள்ளவர். பொய் சொல்லவில்லை. அக்காவுக்குக் கோபப்படவும் வழியில்லை. கொடுமைக்காரர் என்றால் சண்டை போட்டுவிட்டு வரலாம். அன்பானவரிடம் என்ன சண்டை போடுவது? நான்கு வயதுக் குழந்தையின் எட்டு மாதம் போய்விட்டது, அதற்குக் குற்றவாளி யாரும் இல்லை.

அந்த வாரம்தான் அலமாரியிலிருந்து 'டோட்டோ-சானை' எடுத்தேன். ஆறுதலுக்காகத்தான் எடுத்தேன்.

*

அந்தப் புத்தகத்தில் தகாஹாஷி என்றொரு பையன் வருகிறான். உடல் வளர்ச்சி நின்றுபோனவன், கை கால்கள் குட்டையானவை. முன்பு வாசித்தபோது இவன் எனக்கு ஓரமாக வந்துபோகிற ஒரு பாத்திரம். இந்த முறை அவனைச் சுற்றி நடப்பவையே கண்ணில் பட்டன.

ஒரு நாள் வகுப்பில் ஆசிரியர், மனிதர்களுக்கு ஒரு காலத்தில் வால் இருந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு அவரவர் முதுகுக்குக் கீழே தொட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கலகலப்பில் ஆசிரியர் தகாஹாஷியைப் பார்த்து, உனக்கு இன்னும் வால் இருக்கிறதோ என்று விளையாட்டாகக் கேட்டுவிடுகிறார். பையன் எழுந்து நின்று, இல்லை என்று தீவிரமாகப் பதில் சொல்கிறான். அவ்வளவுதான் சம்பவம். பள்ளி முடிந்த பிறகு, சமையலறையில் கோபயாஷி அந்த ஆசிரியரைக் கடிந்துகொள்வதை டோட்டோ தற்செயலாகக் கேட்கிறாள். ஏன் இத்தனை கோபம் என்று அவளுக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. பல வருடம் கழித்து, எழுத்தாளர் டெட்சுகோ குரோயாநாகியாக வளர்ந்த பிறகு, அவர் வியப்பது வேறொன்றை: கோபயாஷி அந்தக் கண்டிப்பை மற்ற ஆசிரியர்கள் இருக்கும் அறையில் செய்யவில்லை, சமையலறையில் செய்தார் என்பதை.

நம் பள்ளிக் கதைகளில் இப்படி ஒரு காட்சி அபூர்வம். அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. பிள்ளைகளோடு சிரித்துப் பேசுகிறவர், பாடத்தை ரசமாக நடத்துகிறவர். தவறு அவருடைய குணத்தில் இல்லை. அந்தக் கேள்வி அந்த உடலுக்குள் இருக்கிற குழந்தையிடம் போய் என்னவாக ஆகும் என்று யோசிக்கப் பழகாததில் இருக்கிறது. கோபயாஷி அந்தப் பழக்கத்தைத்தான் கேட்கிறார். 'நல்லவர்தானே, தெரியாமல் சொல்லிவிட்டார்' என்று விட்டுவிடவில்லை. தெரியாமல் இருப்பது ஓர் ஆசிரியருக்குச் சாக்கு ஆகாது என்கிறார். அதே சமயம் அவரைப் பிறர் முன் சிறுமைப்படுத்தவும் இல்லை. இன்றைய மொழியில் சொன்னால் அது பணியிடைப் பயிற்சி. வகுப்பு எடுத்தவர் தலைமை ஆசிரியர், இடம் சமையலறை.

அடுத்து விளையாட்டு விழா. எல்லாப் போட்டிகளிலும் தகாஹாஷியே ஜெயிக்கிறான். துணியால் செய்த பெரிய மீனின் வாய்க்குள் புகுந்து வால் வழியாக வெளியே வர வேண்டும். சிறிய உடல் அதில் சுலபமாக நுழைந்துவிடும். மன்றத்தின் படிகளில் ஏற வேண்டும், ஆனால் ஒரு படியையும் தாண்டக் கூடாது. நெடுங்கால் பிள்ளைகள் அங்கே தடுமாறுகிறார்கள். முன்பு இதை ஒரு நெகிழ்ச்சியான அத்தியாயமாக வாசித்தேன். இப்போது வேலைக்காரப் பார்வையில் வாசித்தேன். யாரோ ஒருவர் இரவு உட்கார்ந்து, அந்தப் பையனின் கையையும் காலையும் மனதில் அளந்து, எந்த அசைவு அவனுக்குக் கூடுதல் பலம் என்று கணக்குப் போட்டு, ஒவ்வொரு போட்டிக்கும் விதி எழுதியிருக்கிறார். அதை அவனுக்கும் சொல்லவில்லை, மற்றவர்களுக்கும் சொல்லவில்லை. யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. மைதானம் மட்டும் மாற்றப்பட்டது.

கோபயாஷி இதை இயல்பான கருணையால் மட்டும் செய்துவிடவில்லை. டோமோயே பள்ளியை 1937இல் தொடங்குவதற்கு முன் ஐரோப்பாவுக்குப் போய்ப் பள்ளிகளைப் பார்த்தவர். டால்குரோஸிடம் தாள லய இயக்கக் கல்வி பயின்றவர். குழந்தையின் உடல் எப்படி அசைகிறது, அந்த அசைவுக்கும் மனதுக்கும் என்ன தொடர்பு என்பதைப் பாடமாகப் படித்த மனிதர். குரோயாநாகியே நூலின் பின்னுரையில் இதைச் சொல்கிறார். நாம்தான் பின்னுரையைப் படிப்பதில்லை. நானும் படித்திருக்கவில்லை.

*

இந்த வாசிப்போடு நமது சினிமாவுக்குத் திரும்பினால் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

2007இல் 'தாரே ஜமீன் பர்' வந்தபோது நான் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தேன். ஹாஸ்டலில் ஒரு லேப்டாப்பைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து அழுதோம். டிஸ்லெக்சியா என்ற சொல்லை நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் கொண்டுவந்த படம் அது. அந்த நன்றியை மறுப்பதற்கில்லை. ஆனால் நிகும்ப் என்கிற அந்த ஓவிய ஆசிரியருக்கு இஷானின் சிக்கல் எப்படித் தெரிகிறது? அவரும் சிறுவயதில் டிஸ்லெக்சியாவோடு வளர்ந்தவர். அதனால் தெரிகிறது. மாற்றுத்திறன் குழந்தைகளின் பள்ளி ஒன்றிலும் அவர் வேலை செய்கிறார் என்று படம் காட்டுகிறது, ஆனால் அழுத்தம் அங்கே விழுவதில்லை. காயம்பட்டவனுக்கே காயம் தெரியும் என்பதே படத்தின் தர்க்கம். அந்தத் தர்க்கப்படி, பள்ளியில் இருக்கிற மற்ற ஆசிரியர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது எதுவுமே இல்லை. அவர்கள் கடைசியில் வெட்கப்பட்டால் போதும்.

கற்பித்தல் நடக்கிற காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் எழுத்து எழுதுவது, களிமண்ணில் உருவம் செய்வது, படிக்கட்டில் ஏறி இறங்கிக் கணக்குப் போடுவது. எல்லாமே அடிப்படையில் சரியான முறைகள்தான். பார்ப்பது, தொடுவது, உடலை அசைப்பது என்று பல புலன்கள் வழியே எழுத்தைக் கொண்டுபோகிற வழிகள். ஆனால் எல்லாம் ஒரே தொகுப்பாகக் கண்முன் ஓடி முடிந்துவிடுகின்றன. பல மாத உழைப்பு சில நிமிடங்களில் முடிகிறது. சினிமாவுக்கு அந்தச் சுருக்கம் தேவை, புரிகிறது. ஆனால் பார்வையாளருக்கு மனதில் தங்குவது ஆசிரியரின் கண்ணீரும் மேடையில் கிடைக்கும் பரிசும்தான். மணல் தட்டு தங்குவதில்லை.

தமிழில் ஜி.என்.ஆர். குமாரவேலன் இயக்கி 2013இல் வந்த 'ஹரிதாஸ்' இன்னும் கவனிக்க வேண்டிய படம். அதில் ஆட்டிசம் உள்ள சிறுவன் சாதாரணப் பள்ளிக்குப் போகிறான். சினேகா நடித்த அமுதவல்லி சிறப்பு ஆசிரியர் இல்லை, எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடம் எடுக்கிற ஆசிரியர். அதாவது நம்முடைய உண்மையான கேள்வியின் நடுவிலேயே அந்தப் பாத்திரம் நிற்கிறது: ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளோடு இந்தப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? தமிழ் சினிமா அரிதாகவே தொட்ட இடம். ஆனால் படம் நகர நகர அந்தக் கேள்வி நழுவிப்போகிறது. அமுதவல்லி ஆசிரியராக வளர்வதற்குப் பதில் தாயாக வளர்கிறார். அவர் என்ன கற்றார், எங்கே தவறினார், அடுத்த நாள் எதை மாற்றிப் பார்த்தார் என்பதைவிட அவர் அந்தப் பையனை எவ்வளவு நேசிக்கிறார் என்பதே கதை ஆகிவிடுகிறது. பையனின் ஓட்டத் திறமை வெளிப்பட்ட பிறகு வகுப்பறையே தேவைப்படவில்லை. ஓட்டப் பந்தயம் போதும்.

'அஞ்சலி'யில் (1990) குடும்பமும் குடியிருப்புக் குழந்தைகளும் மனதில் நிற்கிறார்கள், ஆசிரியர் என்று யாரும் நிற்பதில்லை. ராமின் 'பேரன்பு' அன்பின் போதாமையை நேருக்கு நேர் பார்த்த படம். ஆனால் அங்கேயும் அப்பா தனியாகத்தான் எல்லாவற்றையும் கற்றுக்கொள்கிறார். கற்றுத்தருகிற ஒருவர் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையே அந்த உலகில் இல்லை.

ஆக நம் கதைகளில் மூன்று பேர் இருக்கிறார்கள். கொடுமைக்கார ஆசிரியர், அதிசய ஆசிரியர், தனித்துவிடப்பட்ட பெற்றோர். நல்லவராக இருந்தும் என்ன செய்வதென்று தெரியாமல் தவிக்கிற ஆசிரியருக்கு இடமில்லை. அக்கா மகனின் முதல் டீச்சருக்கு நம் கதைகளில் ஒரு பெயர்கூட இல்லை.

*

அதிசயம் என்ற சொல்லுக்கே ஒரு வரலாறு உண்டு. ஹெலன் கெல்லரின் ஆசிரியர் ஆன் சல்லிவனைப் பற்றிய புகழ்பெற்ற நாடகம் 1959இல் பிராட்வேயில் அரங்கேறியது. தலைப்பு 'தி மிராக்கிள் வொர்க்கர்', அதிசயம் செய்பவர். 1962இல் சினிமாவானது. நம் ஊரில் 2005இல் வந்த 'பிளாக்' ஹெலன் கெல்லரின் கதையிலிருந்து பிறந்ததுதான். தண்ணீர்க் குழாயின் கீழ் ஒரு கை, இன்னொரு கையில் எழுத்துக்கள், திடீரென்று குழந்தைக்கு மொழி பிறக்கிறது. அந்தக் காட்சி உலகத்துக்கே தெரியும்.

அதற்கு முன் நடந்தது பலருக்குத் தெரியாது. சல்லிவன் பாஸ்டனின் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளியில் படித்தவர், அவருக்கே பார்வை மிகக் குறைவு. அந்தப் பள்ளியில் லாரா பிரிட்ஜ்மன் என்ற பார்வையும் செவித்திறனும் இல்லாத பெண், சிறுமியாக வந்து சேர்ந்த 1837 முதல் வாழ்ந்துவந்தார். அவருக்கு மொழி கற்பித்த சாமுவேல் ஹோவ் என்ற மருத்துவர் ஒவ்வொரு படியையும் குறிப்பாக எழுதி வைத்திருந்தார். விரல் எழுத்துக்களைச் சல்லிவன் பள்ளியிலேயே கற்றிருந்தார், லாராவோடு அவற்றில் பேசிப் பழகியவர். ஹெலன் வீட்டுக்குப் போக அழைப்பு வந்ததும் உடனே கிளம்பிவிடவில்லை. ஹோவின் குறிப்புகளை மாதக்கணக்கில் உட்கார்ந்து படித்தார். 1887 மார்ச் 3 அன்று ஹெலன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். தண்ணீர்க் குழாய்ச் சம்பவம் ஏப்ரல் 5. இடையில் ஒரு மாதம், அதற்கு முன்னால் அரை நூற்றாண்டுக் குறிப்புகள்.

எங்கள் தொழிலில் இதற்குக் கேடி என்று பெயர். ஒருவர் ஒரு வேலையை விட்டுப் போகும்போது அடுத்து வருபவருக்குத் தனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதியும் சொல்லியும் ஒப்படைப்பது. கேடி இல்லாமல் ஒரு பழைய சர்வரைத் தொட எங்கள் மேனேஜர் விடமாட்டார். சல்லிவன் ஹோவிடமிருந்து, அவர் இறந்து பத்து வருடம் கழித்து, கேடி வாங்கியிருக்கிறார். நாடகத்தின் தலைப்பு அதை ஒரே சொல்லில் அழித்துவிட்டது. அதிசயம் என்று சொல்லிவிட்டால் அதை யாருக்கும் கற்றுத்தர வேண்டியதில்லை, யாரும் அதற்குச் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. எனக்கு அந்தச் சொல்லின் மீது வருத்தம் இதனால்தான்.

*

படூரிலிருந்து கேளம்பாக்கம் போய், இடதுபுறம் திரும்பி, உப்பளங்களைத் தாண்டினால் கோவளம். அங்கே ஈசிஆரைப் பிடித்து வடக்கே கொஞ்சம் போனால் முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம். 2005இல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம், அஞ்சல் முகவரி கோவளம்தான். 2021இல் நாட்டின் பல இடங்களில் சிறு குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் தொடங்கப்பட்டபோது இங்கும் ஒன்று வந்தது. சிறப்புக் கல்வியில் பட்டயமும் பி.எட்.டும் இங்கே படிக்கலாம். ஆரம்பநிலை இடையீட்டுக்கென்றே முதுநிலைப் பட்டயமும் உண்டு.

சனி ஞாயிறுகளில் சர்ஃபிங்குக்கும் மீன் வறுவலுக்கும் கோவளம் வந்து போகிற எங்கள் ஐடி கூட்டத்தில் பாதிப் பேருக்கு இந்த இடம் இருப்பதே தெரியாது. எனக்கும் தெரியாது. அக்காவோடு போன பிறகுதான் தெரிந்தது. காத்திருக்கும்போது நான் கவனித்தது பயிற்சி ஆசிரியர்களைத்தான். இருபது இருபத்திரண்டு வயசுப் பெண்கள் அதிகம். கையில் ஃபைல், பையில் வெட்டி ஒட்டிய படங்கள், வெல்க்ரோ, லேமினேட் செய்த அட்டைகள். தொழில் கருவிகள். ஒரு தச்சர் பையைத் திறந்தால் உளி இருப்பது போல.

அக்கா அங்கும், பிறகு வேறு சிகிச்சையாளர்களிடமும் பார்த்துக் கற்றவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். டிபன் பாக்ஸைத் திறப்பது. பையின் ஜிப்பை இழுக்க வேண்டும், பாக்ஸை எடுக்க வேண்டும், ஒரு கிளிப், இன்னொரு கிளிப், கடைசியாக மூடி. ஐந்து படிகள். முதல் படியிலிருந்து கற்றுக்கொடுத்தால் குழந்தை முதல் படியிலேயே தோற்று அழும். அதனால் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். நான்கு படிகளை அவன் கையோடு கை வைத்துப் பெரியவர் செய்துவிடுவார், மூடியைத் தூக்குவது மட்டும் அவன் வேலை. தூக்கியதும் உள்ளே உருளைக்கிழங்கு. வெற்றி உடனே வாயில் வந்துவிடுகிறது. அது பழகிய பிறகு இரண்டாவது கிளிப்பை அவனிடம் விடுவார்கள். இப்படியே பின்னாலிருந்து முன்னால். எங்கள் பையனுக்கு ஆறு வாரம் ஆனது. ஆறு வாரத்தை எந்தப் பாட்டுக்குள் அடைப்பது? எட்டு மாதம் அன்போடு ஊட்டிவிட்ட அந்த ஆசிரியருக்கு இந்த ஒரு விஷயத்தை யாராவது அரை மணி நேரம் சொல்லித் தந்திருந்தால் போதும். அவரிடம் பொறுமைக்குக் குறைவே இல்லை.

ஏன் சொல்லித் தரப்படவில்லை என்பதற்குக் காரணம் தனிமனிதர்களிடம் இல்லை. நம் நாட்டில் சாதாரண ஆசிரியரைத் தயாரிக்கும் விதிகளை வகுப்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், அது கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. சிறப்பு ஆசிரியரைத் தயாரிப்பதை ஒழுங்குபடுத்துவது 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமம், அது சமூக நீதி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இரண்டு தண்டவாளங்கள். பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பானபோது வகுக்கப்பட்ட 2014ஆம் ஆண்டுப் பாடச் சட்டகத்தில், எல்லோரையும் உள்ளடக்கிய பள்ளியை உருவாக்குவது என்பது ஒரு பாடம். அதுவும் அரைப் பாடம். இரண்டு வருடத்தில் அரைப் பேப்பர். குழந்தையோ ஒரே வகுப்பறையில்தான் உட்கார்ந்திருக்கிறது.

சட்டம் இதைவிட அதிகம் கேட்கிறது. 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்ட 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரெயில், சைகை மொழி, அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்குக் கற்பித்தல் ஆகியவற்றில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களை நியமிப்பது அரசின் கடமை என்கிறது. 2021 அக்டோபரில் ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், தொடக்க வகுப்புகளில் இத்தகைய பத்துக் குழந்தைகளுக்கு ஒரு சிறப்பு ஆசிரியர், அதற்கு மேல் பதினைந்துக்கு ஒருவர் என்ற அளவை வைத்தது. 2025 மார்ச்சில் அதே வழக்கில், பணியிடங்களையாவது அறிவியுங்கள் என்று மாநிலங்களுக்கு மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் வட்டார வள மையங்களிலிருந்து பள்ளி பள்ளியாகப் போய்வருகிற சிறப்புப் பயிற்றுநர்கள் வருடக்கணக்காகத் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள்.

ஆறு வயதுக்குக் கீழே நிலைமை இன்னும் மெலிது. இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு வயதில்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய, மூளை வேகமாக வளர்கிற வருடங்களில் குழந்தை அங்கன்வாடியிலோ ஏதோவொரு நர்சரியிலோ இருக்கிறது. அங்கன்வாடிகளுக்கு மாற்றுத்திறன் குழந்தைகள் குறித்த தேசிய நெறிமுறை 2023 நவம்பரில்தான் வந்தது. அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975இல்.

*

இதைப் படிக்கிற ஆசிரிய நண்பர்கள் கேட்கக்கூடிய கேள்வி எனக்குத் தெரியும். "நாற்பது பசங்கள வெச்சுக்கிட்டு நான் என்னய்யா பண்றது?" நியாயமான கேள்வி. என் புகார் அவர்கள் மேல் இல்லை. அவர்களை வாழ்த்துகிற நம் மொழியின் மேல். ஆசிரியர் தினத்தன்று தியாகம், தாய்மை, அர்ப்பணிப்பு என்று எழுதுகிறோம். இதய அறுவை செய்கிற மருத்துவரைப் பார்த்து "எவ்வளவு பொறுமைசாலி" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவோமா? எங்கே படித்தார் என்றும் கேட்போம். சிறப்பு ஆசிரியரிடம் "உங்களுக்குப் பெரிய மனசு" என்கிறோம், அதோடு முடித்துக்கொள்கிறோம். பெரிய மனசுக்குத் தொகுப்பூதியம் போதும் என்று அரசும் நினைத்துக்கொள்கிறது.

இன்னொரு கேள்வியை நானே கேட்டுக்கொண்டேன். இன்ஜினியர் புத்தி எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டிய கோளாறாகப் பார்க்கும். உத்திகள் என்று பேசப் பேச, குழந்தையைப் பழக்கப்படுத்துகிற இயந்திரமாக ஆசிரியர் மாறிவிடமாட்டாரா? அந்த ஆபத்து உண்மை. எங்கள் பையனுக்குப் பாத்திர மூடியைச் சுழலவிட்டுப் பார்ப்பது பேரானந்தம். அதை ஏன் நிறுத்த வேண்டும்? இங்கேயும் எனக்குக் கோபயாஷிதான் பதில். அவருடைய நீச்சல் குளத்தில் பிள்ளைகள் உடையில்லாமல் குளிக்கிறார்கள், எந்த உடலும் வெட்கத்துக்குரியது இல்லை என்று தெரிவதற்காக. தகாஹாஷியின் கால்களை நீட்ட அவர் முயலவில்லை. படிகளின் விதியை மாற்றினார். தயாரிப்பு என்பது குழந்தையை வளைக்க அல்ல, வகுப்பை வளைக்க. அதற்கும் படிப்பு வேண்டும், சொல்லப்போனால் கூடுதலாகவே வேண்டும். அந்த நான்கு மணி நேரம் கேட்டாரே, அதுகூட வெறும் அன்பில்லை. எதைக் கேட்கிறோம் என்று தெரிந்தவரால்தான் அவ்வளவு நேரம் கேட்க முடியும்.

*

இப்போது பையனுக்கு ஏழு வயது. வேறு பள்ளி. சேர்க்கும் முன் அக்கா ஒரு பழைய டைரியில் பன்னிரண்டு பக்கம் எழுதினாள். எந்தச் சத்தம் அவனுக்குத் தாங்காது, கேள்வி கேட்டால் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், டிபன் பாக்ஸில் எந்தப் படிவரை அவனே செய்வான், மூடி சுழல்வது ஏன் அவனுக்கு முக்கியம். அதோடு ஒரு வளையத்தில் கோத்த அட்டைகள்: பாட்டு, எழுத்து, தண்ணீர், கழிவறை, விளையாட்டு. 'முதலில் இது, பிறகு அது' என்று காட்டுவதற்கு.

புது டீச்சர் அதை வாங்கிக்கொண்டார். எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வேன் என்றெல்லாம் சொல்லவில்லை. கொஞ்சம் சிடுசிடுப்பானவர் என்றுகூட எனக்குத் தோன்றியது. இரண்டு வாரம் கழித்து அக்காவுக்கு போன் செய்தார். அக்கா பயந்துகொண்டே எடுத்தாள்.

"அந்த அட்டையெல்லாம் எங்க மேடம் லேமினேட் பண்ணீங்க? கிளாஸ்ல இன்னும் ரெண்டு பசங்களுக்கு இது வேணும்போல இருக்கு. நானே பண்ணிப் பாக்குறேன்."

அவருக்கு 'டோட்டோ-சான்' ஒரு பிரதி வாங்கிக் கொடுக்கலாம் என்று வழக்கம்போல நினைத்தேன். அப்புறம் அக்காவும் நானும் கேளம்பாக்கம் போய் லேமினேஷன் ஷீட் நூறு உள்ள பாக்கெட் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தோம்.